அபராதப் பதிவேட்டில் பெண்கள்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷர் மாவட்டத்தில் பிரிக்ஸ்டாக் என்றொரு கிராமம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏல் காய்ச்சி விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்துப் புளிக்கவைத்த பானம் அது. சில நாட்களில் கெட்டுவிடும். ஆகவே வீட்டுக்குப் போக மிஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்கு விற்றார்கள்.

விலைக்கும் தரத்துக்கும் சட்டம் இருந்தது. விற்ற பெண்கள் நிலப்பிரபுவின் மன்றத்தில் அபராதம் கட்டினார்கள். நடைமுறையில் அது உரிமக் கட்டணம்தான். வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட் இவர்களைக் கண்டெடுத்தது அந்தப் பதிவேடுகளில்தான். அடுப்படி வேலைக்கு அபராதம் இல்லை. அதனால் அதைச் செய்தவர்களின் பெயர்களும் இல்லை.

1400ஐ ஒட்டி ஹாப்ஸ் சேர்த்த பீர் முதலில் நகரங்களுக்கு வந்தது. அது எளிதில் கெடவில்லை, தொலைவூர்களுக்குப் போனது. பெரிய கொப்பரை, கூலியாட்கள், கடன் எல்லாம் தேவைப்பட்டன. மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாத நாட்டில் அந்தக் கடன் யாருக்குக் கிடைத்திருக்கும்? 1600க்குள் அது பெரும்பாலும் ஆண்களின் தொழிலாகிவிட்டது.

பெண்களின் திறமை போதவில்லை என்று இதை நான் வாசிக்கவில்லை. கைப்பக்குவம் அவர்களிடம் இருந்தது, முதல் இல்லை. வருமானம் சில்லறையாக இருந்தவரை அது வீட்டு வேலை. பெருகியதும் அதற்குத் தொழில் என்று பெயர் வந்தது.