பெயரை விட்டுவிட்டு வெளியேறியவர்கள்

'லேபர் ஹிஸ்டரி' என்ற ஆய்விதழின் பூர்விகம் நியூயார்க்கில் சோஷலிஸ்டுகள் 1906இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய ராண்ட் பள்ளி. கேரி ராண்ட் என்ற பெண்மணி விட்டுச்சென்ற சொத்துதான் அதற்கு மூலதனம். முதல் உலகப் போரை எதிர்த்து ஸ்காட் நியரிங் எழுதிய பிரசுரத்தைப் பள்ளியை நடத்திய சங்கம் வெளியிட்டது. வழக்கு நடந்து, 1919இல் எழுதியவரை விடுவித்தார்கள். வெளியிட்ட சங்கத்துக்கு 3,000 டாலர் அபராதம். அதே ஆண்டு ஜூனில் மாநிலச் சட்டமன்றத்தின் விசாரணைக் குழு பள்ளிக்குள் புகுந்து சோதனை போட்டது.

பள்ளி பிழைத்துக் கிடந்ததற்கு ஒரு மலைமுகாம் காரணம். பென்சில்வேனியாவின் போக்கனோ மலையில் 1921இல் திறந்த டாமிமென்ட் முகாமுக்குக் கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் கட்டிய பணம் பள்ளியின் செலவைத் தாங்கியது. 1956இல் பள்ளி மூடப்பட்டது. அதன் நூலகம் தப்பியது. முகாமின் பெயரைத் தாங்கிய டாமிமென்ட் நிறுவனம் 1960இல் 'லேபர் ஹிஸ்டரி' இதழைக் கொண்டுவந்தது.

அதுவரை அமெரிக்காவில் தொழிலாளர் வரலாறு என்றால் பெரும்பாலும் தொழிற்சங்கங்களின் வரலாறு. சங்கத்தில் இடமில்லாதவனுக்கு வரலாற்றிலும் இடமில்லை. 1962இல் வரலாற்றாய்வாளர் ஹெர்பர்ட் கட்மன், ஒஹாயோவின் ஹாக்கிங் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைநிறுத்தத்தை உடைப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களைப் பற்றி இதில் எழுதினார். கருங்காலி என்று ஒதுக்கித் தள்ளப்பட்டவர்களையும் தொழிலாளர்களாகப் பார்த்த அந்த ஒரு கட்டுரைக்காகவே இந்த இதழ் பிறந்திருக்கலாம் என்பேன்.

பிறகு இதழ் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்ற பெரிய வணிக வெளியீட்டாரிடம் போனது. ஆய்விதழ்களில் கட்டுரை எழுதுபவருக்கும் அதைப் படித்து மதிப்பிடுபவருக்கும் வழக்கமாகக் கூலி கிடையாது. சந்தாப் பணம் வெளியீட்டாருக்கு. தொழிலாளியின் உழைப்பு யாருக்குச் சேர்கிறது என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் எத்தனை நாள் இருக்க முடியும்? வெளியீட்டாருடன் மோதல் முற்றி, 2003இல் ஆசிரியர் லியோன் ஃபிங்கும் ஆசிரியர் குழுவினரும் கூண்டோடு விலகினார்கள். இதழின் பெயர் வெளியீட்டாரின் சொத்து, அதை எடுத்துப்போக முடியவில்லை. கட்டுரையாளர்களின் நம்பிக்கையும் படித்துத் தேர்ந்த கண்ணும் அவர்களோடு போயின.

2004இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து 'லேபர்' என்ற புதிய இதழ் வந்தது. பழையதும் வேறு ஆசிரியர்களுடன் தொடர்கிறது. புதியது தொழிலாளர் வரலாற்றாய்வாளர்களின் சங்கத்தைச் சார்ந்தது. சந்தா கட்டிச் சேரும் உறுப்பினர்களுக்கு இதழ் வந்து சேர்கிறது.