தலையெழுத்தா, தன்னெழுத்தா?

மனிதன் எதற்காக வாழ்கின்றான்? மேனாட்டறிஞர் ஏடுகளில் ஆராய்ந்த இவ்வினாவுக்கு நம் தோட்டத் தொழிலாளர் செயலால் அளித்த விடையை ஈண்டுக் காண்போம்.

ரவாங் ஈயச் சுரங்கத்தில் 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கப் பொறியை நிறுவினர். மலாயாவில் மின்சாரத்தின் வரலாறு அங்கேதான் தொடங்குகின்றது. சுரங்கத்தில் ஒளி வந்தது. தோட்டத்து லயங்களிலோ "எல்லாம் தலையெழுத்து" என்னும் இருள் நிலைத்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. 'கூலி' என்னும் பெயர் ஒழியவில்லை. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால், சைக்கிளில் செல்லும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கமாயிருந்தது.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகட்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, சைக்கிளிலிருந்து இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

சைக்கிளில் அமர்ந்தே செல்வதால் ஒரு காசேனும் கிடைக்குமோ? கிடையாது. பின் ஏன் கேட்டனர்? தம் மதிப்பைத் துரை வரையறுப்பதை அவர்கள் மறுத்தனர்.

பிரெஞ்சு அறிஞர் சார்த்தர் 1945ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிசில் ஆற்றிய உரையில் இருத்தலியத்தை விளக்கினார். அவர் காகிதம் அறுக்கும் கத்தியைச் சான்று காட்டினார். நமக்குப் பால்வெட்டும் கத்தியே போதும். கொல்லன் அதன் பயனை முன்னரே எண்ணி அதனைச் செய்கின்றான். மனிதனோ அவ்வாறு ஒரு பயனுக்கென வகுக்கப்பட்டவன் அல்லன். முதலில் அவன் இருக்கின்றான். பின்னர்த் தன் செயலால் தன்னை ஆக்கிக்கொள்கின்றான். கிள்ளான் தொழிலாளர் அவ்வுரையைக் கேட்டவரல்லர். நான்காண்டுகட்கு முன்பே அதன்படி நடந்தவர்.

இங்கே ஒரு தடை எழும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழர், அச்சாவைத் தாமே தேர்ந்தனரோ? இல்லை. அவர்தம் துயரை அவர்தம் தேர்வென்று கூறுவது கொடுமை. தலையெழுத்தென்று கூறுவதும் அதனினும் குறைந்த கொடுமையன்று. அது மனிதர் மனிதர்க்கு இழைத்த தீங்கு. மனிதர் இழைத்ததை மனிதர் தடுக்கவும் கூடும்.

ஒருவன் தன்னைத் தேரும்போது மனித குலம் முழுமைக்கும் பொறுப்பேற்கின்றான் என்றும் சார்த்தர் உரைத்தார். ஆதலின், வாழ்வின் பொருளைத் தேடும் அன்பர்காள், அதை நெற்றியில் தேடாதீர். அயலான் நிமிர்ந்து செல்ல நீவிர் செய்யும் செயலில் தேடுமின்.