கவுர்னா மக்களின் நிலமும் மொழியும்: இரு ஆவணங்களின் வரலாறு

முன்னுரை

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் கவுர்னா தொல்குடியினரின் மரபுவழி நிலமாகும். ஆங்கிலேயக் குடியேற்றத்தின் தொடக்கத்தில் இம்மக்களைப் பற்றி இரு ஆவணங்கள் எழுந்தன. ஒன்று நிலத்தைப் பற்றியது. மற்றொன்று மொழியைப் பற்றியது. அவ்விரண்டும் பிற்காலத்தில் அடைந்த பயன்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

அரச ஆவணமும் நிலமும்

1834ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் தென் ஆஸ்திரேலிய நிலங்களை ஆளில்லாத் தரிசு எனக் குறித்தது. 1836 பிப்ரவரியில் வெளியான அரச உரிமை ஆவணமோ, தொல்குடியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் தாம் வாழும் நிலங்களைத் துய்க்கும் உரிமைக்குக் குடியேற்றத்தால் ஊறு நேரலாகாது என்றது. ஆயினும், எவ்வித உடன்படிக்கையுமின்றி நிலம் அளக்கப்பட்டு விற்கப்பட்டது.

இலக்கண நூலும் மொழியும்

டிரெஸ்டன் லூத்தரன் சமயப்பரப்புக் கழகம் அனுப்பிய டைக்கல்மானும் ஷூர்மானும் 1838இல் அடிலெய்டை அடைந்தனர். கார்டஸை 1840இல் தமிழகத்திற்கு அனுப்பியதும் இக்கழகமே. இருவரும் 1840இல் கவுர்னா இலக்கணத்தையும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட சொற்றொகுதியையும் வெளியிட்டனர். ஒருமை, பன்மை ஆகியவற்றோடு இருமையும் அந்நூலில் பதிவாகியுள்ளது. இட்யாமைட்பின்னா முதலிய கவுர்னா பெரியோரே அவர்களுக்கு மொழி கற்பித்தவர்கள். பில்டாவாட்லியில் கவுர்னா மொழிவழி நடந்த பள்ளி 1845இல் மூடப்பட்டு, பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றப்பட்டனர். இம்மொழியின் கடைசிப் பேச்சாளராகக் கருதப்படும் இவாரிட்ஜி 1929இல் மறைந்தார். அவர் இட்யாமைட்பின்னாவின் மகள்.

மீட்பும் உரிமையும்

தந்தை சொல்லக் கேட்டு எழுதப்பட்ட நூலே மகளுக்குப் பின் மொழி மீட்பின் முதன்மைச் சான்றாயிற்று. கவுர்னா மூத்தோரும் மொழியியலாளர் ராப் ஆமரியும் அதனைக் கொண்டு வழக்கிழந்த மொழியைப் புதுப்பித்தனர். இப்பணிக்கென 2002இல் 'கவுர்னா வாரா பிந்தியாந்தி' அமைப்பு தோன்றியது. இன்று விக்டோரியா சதுக்கம் 'தார்ண்டான்யாங்கா' என்றும் வழங்குகிறது. 'தார்ண்டா' என்பது ஆண் செங்கங்காருவைக் குறிக்கும். இறுதியிலுள்ள 'ங்கா' இடப்பொருள் உருபு.

1993ஆம் ஆண்டின் மரபு நிலவுரிமைச் சட்டப்படி, உரிமை கோருவோர் நிலத்தோடு தமக்குள்ள மரபுத் தொடர்பை நிறுவுதல் வேண்டும். கவுர்னா மக்கள் 2000இல் தொடுத்த கோரிக்கையைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. எனினும், தனியுடைமையாக்கப்பட்ட நிலங்களில் அவ்வுரிமை முன்னரே அற்றுப்போயிருந்தமையால், எஞ்சிய சில நிலத்துண்டுகளிலேயே அது நிலைபெற்றது.

முடிவுரை

நிலத்தைக் காப்பதாக வாக்களித்த அரச ஆவணம் நிலத்தைக் காக்கவில்லை. சமயப் பணிக்கென எழுந்த இலக்கண நூலோ, தன் நோக்கத்தைக் கடந்து, ஒரு மக்களின் மொழியைப் பேணித் தந்தது. நிலத்தின் பெரும்பகுதி மீளாதபோதும் அதன் பெயர்கள் மீண்டுள்ளன. மொழிப்பதிவுகளை நிலவுரிமை வரலாற்றின் சான்றுகளாகவும் ஆராய வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.