காவலூர்த் தொலைநோக்கியும் கலையாத சங்கமும்

சங்கம் வைத்தல் தமிழர்க்கு நன்கு பழகிய தொழில். சங்கம் காத்தல் அத்துணைப் பழகியதன்று. தொடக்க விழாவில் மண்டபம் கொள்ளாமல் நின்ற கூட்டம் மூன்றாம் ஆண்டில் பாதியாகிறது. ஐந்தாம் ஆண்டில் தலைவரும் செயலாளரும் அவர்தம் இல்லத்தாரும் எஞ்சுகின்றனர். பணமில்லை, இடமில்லை, நேரமில்லை என்று காரணங்கள் கூறப்படும். அவை பொய்யல்ல, ஆனால் பணமும் இடமும் இருந்த சங்கங்களும் மறைந்திருக்கின்றன, இரண்டும் இல்லாத சங்கங்களும் நிலைத்திருக்கின்றன. உறுப்பினர் ஒருவரை ஓர் அமைப்போடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிணைத்து வைப்பது எது என்னும் வினாவுக்கு விடைகூறும் வரலாறு ஒன்று ஜவ்வாது மலைமீது ஒரு பழைய தொலைநோக்கியின் வடிவில் இருக்கிறது. அது புலவர் சங்கத்தின் வரலாறன்று. விண்மீன் நோக்குவோர் சங்கத்தின் வரலாறு. எனினும் புலவர் கூட்டத்தார் படித்தறிய வேண்டியது.

ஜவ்வாது மலை தமிழ் இலக்கியத்திற்கு அயலானதன்று. இம்மலையில் பிறந்து வரும் செய்யாறே மலைபடுகடாம் பாடும் சேயாறு. செங்கண்மா என்னும் இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவதாக, 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் அடிப்படை, பரிசில் பெற்றவன் பெறாதவனை எதிர்ப்பட்டு வழி காட்டுவது. எங்கே பாறை வழுக்கும், எங்கே விலங்குண்டு, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பது ஈறாகச் சொல்லி அனுப்புவது. கலைஞர் கூட்டம் தன்னைத்தானே பெருக்கிக்கொண்ட முறை இது. அழைப்பிதழ் அச்சிட்டு வீடுதோறும் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

அதே மலைத்தொடரில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், காவலூர் என்னும் சிற்றூரின் அருகே 1968ஆம் ஆண்டு வானியல் ஆய்வு தொடங்கியது. கொடைக்கானல் நோக்ககத்தின் இயக்குநராயிருந்த வைணு பாப்பு தெரிவு செய்த இடம் அது. நகர விளக்கொளி எட்டாத இருள், தெற்கு வானத்தையும் பெருமளவு காணத்தக்க நிலநேர்க்கோடு ஆகிய இரண்டும் அங்கிருந்தன. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி முதலில் வந்தது. 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி நிறுவப்பெற்றது. பின்னாளில் 2.34 மீட்டர் ஆடியுடைய பெருங்கருவி எழுந்தது. இவற்றினிடையே 6 அங்குல விட்டமுள்ள சிறு தொலைநோக்கி ஒன்றும் அம்மலைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் ஒருவரிடமிருந்து வங்காளத்தில் ஒருவருக்கும், அவரிடமிருந்து பாப்புவுக்கும் கைமாறிய கருவி அது.

அதன் கதையைச் சொல்லுமுன், அழிந்துபோன சங்கம் ஒன்றைப் பற்றிக் கூறவேண்டும்.

1910ஆம் ஆண்டு ஹாலி வால்மீன் தோன்றிய காலத்தில் இந்தியா முழுதும் வானத்தை அண்ணாந்து பார்த்தது. அந்த ஆர்வம் ஆறுமுன் கல்கத்தாவில் இந்திய வானியல் சங்கம் உருவாயிற்று. அரசின் நிதித்துறை அதிகாரியும் விண்மீன் ஆர்வலருமான எச்.ஜி. டாம்கின்ஸ் அதன் உயிராக விளங்கினார். முன்மாதிரி இங்கிலாந்திலிருந்தது. அங்கே அரச வானியல் கழகம் 1916 வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. பெண்களும் எளிய ஆர்வலரும் சேர்வதற்கென்றே 1890இல் பிரித்தானிய வானியல் மன்றம் தோன்றியது. கதிரவனை நோக்கும் பிரிவின் பொறுப்பைத் தொடக்கத்திலேயே எலிசபெத் பிரவுன் என்னும் பெண்மணி ஏற்றார். ஒதுக்கப்பட்டவரை உள்ளே விட்டதோடு நில்லாமல் உடனே ஒரு பொறுப்பையும் கொடுத்த பண்பு அம்மன்றத்திற்கு இருந்தது. கல்கத்தாச் சங்கமும் அவ்வழியில் பிரிவுகள் வகுத்துக்கொண்டது; கூட்டங்கள் நடத்தியது; இதழ் வெளியிட்டது. நிதித்துறைப் பணியில் 1911இல் கல்கத்தாவுக்கு மீண்ட சி.வி. இராமனும் அச்சங்கத்தில் ஊக்கத்துடன் பங்குகொண்டார்.

குறையென்று சொல்ல வெளிப்பார்வைக்கு ஏதுமில்லை. செல்வாக்குள்ள தலைவர், தலைநகர் வாழ்வின் வசதி, அறிவுடைய உறுப்பினர் யாவும் இருந்தன. ஆனால் உறுப்பினர் பலர் ஆங்கில அதிகாரிகள், மாற்றலாகிச் செல்பவர்கள். உலகப் போரும் இடையிட்டது. டாம்கின்ஸ் கல்கத்தாவை விட்டு நீங்கியபின் 1920களின் தொடக்கத்தில் அச்சங்கம் மறைந்தது. அதனை யாரும் கலைக்கவில்லை. பகைவரும் இல்லை. அடுத்த கூட்டத்தைக் கூட்ட ஒருவரும் இல்லை என்பதே அதன் முடிவு. பெரும்பாலான இலக்கிய அமைப்புகளின் முடிவும் இத்தகைய ஓசையற்ற முடிவுதான் என்பதை உறுப்பினர் அறிவர்.

கல்கத்தாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த தொலைவில், இன்று வங்கதேசத்திலுள்ள ஜெசூர் நகரையடுத்த பாக்சர் என்னும் ஊரில் இராதாகோவிந்த சந்திரர் வாழ்ந்தார். 1878இல் பிறந்தவர். பள்ளியிறுதித் தேர்வில் பலமுறை எழுதியும் தேறாதவர். ஜெசூர் அரசுக் கருவூலத்தில் நாணயங்களை ஆய்ந்து எண்ணும் சிறிய வேலை பார்த்தவர். காளிநாத் முகர்ஜி என்ற வழக்கறிஞரின் நட்பால் விண்மீன்களை இனங்காணக் கற்றார். 1910இல் ஹாலி வால்மீனை இரட்டைக்குழல் கண்ணாடியால் பார்த்தார். 1912இல் தம் சிறு ஊதியத்திற்கு மிஞ்சிய செலவில் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். 1918 ஜூன் மாதம் கழுகு விண்மீன் குழுவில் புதுமீன் ஒன்று திடீரெனச் சுடர்விட்டது. அதனைக் கண்டு அதன் ஒளியளவுகளைக் குறித்து, அமெரிக்காவில் ஹார்வர்டு நோக்ககத்தின் தலைவராயிருந்த எட்வர்டு பிக்கரிங்குக்கு எழுதினார். பிக்கரிங் பாராட்டோடு நிற்கவில்லை; மாறொளி விண்மீன் நோக்குவோர் சங்கத்தின்பால் அவரை ஆற்றுப்படுத்தினார். கூத்தன் கூத்தனுக்கு வழி கூறியதற்கும் இதற்கும் வேற்றுமை காண்பது அரிது.

அந்த அமெரிக்கச் சங்கம் 1911இல் வில்லியம் டைலர் ஓல்காட் என்னும் வழக்கறிஞரால் தொடங்கப்பெற்றது. அது நடந்த முறையே இக்கட்டுரையின் மையப்பொருள். விண்மீன்களுள் சில, நாள்தோறும் திங்கள்தோறும் ஒளி கூடியும் குறைந்தும் மாறுவன. அவற்றை அறிய நுண்ணறிவினும் பொறுமையே மிகுதியாக வேண்டும். சங்கம் உறுப்பினருக்கு வரைபடங்களை அனுப்பும். அதில் ஆய்வுக்குரிய விண்மீனும், ஒளியளவு தெரிந்த அக்கம்பக்கத்து விண்மீன்களும் குறிக்கப்பட்டிருக்கும். உறுப்பினர் இரவில் கண்ணால் ஒப்பிட்டு, இதனினும் மங்கல், அதனினும் ஒளி என்று மதிப்பிட்டு, நாளும் நேரமும் எழுதித் திங்கள்தோறும் அனுப்ப வேண்டும். வந்த குறிப்புகள் யாவும் நோக்கியவரின் பெயர்க்குறியோடு தொகுக்கப்படும். பல நாட்டார் பல இரவுகளில் எழுதிய எண்களைப் புள்ளிகளாக வைத்து இணைத்தால் அவ்விண்மீனின் வாழ்க்கை ஒரு வளைகோடாகத் தோன்றும். ஒருவர் குறிப்பு தனித்து நின்றால் பயனில்லை. எல்லாருடைய குறிப்பும் கூடினால்தான் பொருள்.

இங்கே ஜெசூரின் இருப்பிடம் சிறப்புப் பெற்றது. அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது வங்காளத்தில் இரவு. அங்குள்ளோர் எத்துணைப் பேர் விழித்திருந்தாலும் அந்நேரத்து விண்மீனை அவர்களால் காண இயலாது. ஆகவே கருவூல ஊழியர் ஒருவர் ஓரிரவு உறங்கிவிட்டால் உலகத்து ஏட்டில் ஓரிடம் வெற்றிடமாகும். இதனை அவர் உணர்ந்திருந்தார், சங்கமும் உணர்ந்திருந்தது. தேர்வில் தோற்றவர் என்பதையும் சிறு ஊதியம் பெறுபவர் என்பதையும் அந்த ஏடு கேட்கவில்லை. 1919–20 அளவில் தொடங்கி 1954 வரை அவர் அனுப்பிய நோக்குக் குறிப்புகள் 37,000க்கும் மேற்பட்டவை. அச்சங்கத்தாரில் பெரும்பாலோரை அவர் தம் வாழ்நாளில் நேரில் கண்டதில்லை. ஆண்டுவிழா மேடை, மாலை, பொன்னாடை எதுவும் கடல்கடந்து வந்திருக்க இயலாது. வந்தவை வரைபடங்களும் கடிதங்களும் அச்சில் ஏறிய அவருடைய எண்களுமே.

பிறகு ஒன்று வந்தது. 3 அங்குலக் கருவியால் மங்கலான விண்மீன்களைத் தொடர இயலாது என்பதை அறிந்து, 1926இல் சங்கம் அவருக்கு 6 அங்குலத் தொலைநோக்கியை இரவலாக அனுப்பியது. அது சார்லஸ் எல்மர் என்னும் உறுப்பினருடையது. அவர் நியூயார்க்கில் வழக்குமன்ற நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் எழுதும் தொழிலினர். 1937இல் பெர்க்கின்–எல்மர் ஒளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரும் அவரே. தொழிலால் எளியவராயிருந்த ஒரு விண்மீன் ஆர்வலரின் கருவி, முன்பின் கண்டறியாத மற்றோர் எளியவர் கைக்குச் சென்றது. உறுப்பினருக்குச் சங்கம் அளித்தது பட்டமன்று என்பது கருதத்தக்கது. அவர் செய்துகொண்டிருந்த பணியை இன்னும் நன்றாகச் செய்வதற்குரிய கருவியை அளித்தது. இன்றைய இலக்கிய அமைப்புகள் வழங்கும் நீண்ட பட்டங்களைப் பெற்றவருள் எத்தனைபேர் மறுதிங்கள் கூட்டத்திற்கு வருகின்றனர் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். பட்டம் பெற்றவர்க்கு அந்த அமைப்பில் மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. தொலைநோக்கி பெற்றவருக்கு அன்றிரவே வேலை இருந்தது.

தமிழ்ச் சங்கங்களின் வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், 1911இல் அவர் மறைந்தபோது கல்கத்தாச் சங்கத்தின் வழியில் போயிருக்கலாம். வள்ளல் ஒருவரின் கொடையால் எழுந்த அமைப்பு வள்ளலோடு முடிவது உலக வழக்கு. அச்சங்கம் முடியவில்லை. 1902இல் தொடங்கிய 'செந்தமிழ்' இதழுக்குத் திங்கள்தோறும் ஆய்வுரை வேண்டியிருந்தது. சங்கம் நடத்திய பண்டிதத் தேர்வுகளுக்குப் பாடம் சொல்லவும் வினா வகுக்கவும் விடை திருத்தவும் ஆள் வேண்டியிருந்தது. நேற்றுத் தேர்வெழுதியவரே நாளை பாடம் சொல்லும் நிலைக்கு வருவார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தில் உமாமகேசுவரனார் 1911 முதல் 1941இல் தம் மறைவு வரை முப்பதாண்டு தலைமை தாங்கினார். இத்துணை நீண்ட தலைமை பிறர் வளர்ச்சிக்குத் தடையாவதுமுண்டு. ஆயின் 1925இல் தொடங்கிய 'தமிழ்ப்பொழில்' இதழும் 1938இல் எழுந்த புலவர் கல்லூரியும் பலருக்குக் கடமைகளைப் பங்கிட்டுக் கொடுத்தன. அவர் மறைந்தபின்னும் கரந்தையில் விளக்கு அணையவில்லை.

நாட்டுப் பிரிவினைக்குப்பின் சந்திரர் மேற்கு வங்காளத்திற்குக் குடிபெயர்ந்தார். முதுமையால் நோக்குதலை நிறுத்தியபின் அத்தொலைநோக்கி அமெரிக்கச் சங்கத்தின் விருப்பப்படி வைணு பாப்புவைச் சேர்ந்தது. ஐதராபாத்தில் நிசாமியா நோக்ககத்துப் பணியாளரின் மகனாக வளர்ந்து, மாணவப் பருவத்திலேயே மாறொளி விண்மீன்களை நோக்கிக் குறிப்பெழுதியவர் அவர். ஆகவே கருவி அயலாரிடம் போகவில்லை. அதே மரபினர் ஒருவரிடம் போயிற்று. அது பின்னர்க் காவலூர் ஏறியது.

1972ஆம் ஆண்டு புதிதாக இந்திய வானியல் சங்கம் தொடங்கப்பெற்றபோது பாப்புவே முதல் தலைவரானார். கல்கத்தாவில் மறைந்த சங்கத்தின் அதே பெயர். ஆனால் இம்முறை உறுப்பினர் இந்நாட்டிலேயே வானியலைத் தொழிலாகக் கொண்டவர்கள், கற்கும் மாணவர்கள், ஆர்வலர்கள். 1973 முதல் சங்க இதழ் வெளிவந்தது. கூட்டம் ஒரே நகரில் நிலைகொள்ளாமல் ஊர் ஊராகச் சென்றது. மூத்தோர் பேச இளையோர் கேட்பது என்றில்லாமல் ஆய்வு மாணவரும் தம் கட்டுரையைப் படித்தனர். முதற் கட்டுரையை ஒரு சங்கத்தின் முன் படித்தவர் அச்சங்கத்தை எளிதில் மறப்பதில்லை. முதற் கவிதையைப் படித்த அரங்கைக் கவிஞர் மறவாதது போல.

பாப்பு 1979இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, அப்பொறுப்பிலிருக்கும்போதே 1982 ஆகஸ்டு 19ஆம் நாள் மூனிக் நகரில் காலமானார். அகவை 55. காவலூரின் பெருந்தொலைநோக்கி அப்போது முற்றுப்பெறவில்லை. டாம்கின்ஸ் நீங்கியதும் கல்கத்தாவில் நிகழ்ந்தது இங்கு நிகழவில்லை. அவருடன் பணியாற்றியோர் அதனை முடித்தனர். 1986 சனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி நோக்ககத்திற்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். சங்கமும் நின்றது. தன் இதழை 2014இன் இறுதியில் வேறோர் ஆய்விதழோடு இணைத்துக்கொண்ட பின்னும் நிற்கிறது. இதழ் நின்றால் சங்கமே நின்றுவிடும் என்று அஞ்சுவோர் இதனை ஊன்றி நோக்கலாம்.

சந்திரர் 1975இல் மறைந்தார். அவருடைய குறிப்புகள் அமெரிக்கச் சங்கத்தின் தொகுப்பில் மற்றவர் குறிப்புகளோடு கலந்திருக்கின்றன. ஒரு மாறொளி விண்மீனின் நூறாண்டு வளைகோட்டை இன்று யாரேனும் வரைந்தால், அமெரிக்கப் பகல்களின் இடைவெளிகளில் சில புள்ளிகள் ஜெசூரில் விழித்திருந்த இரவுகளுக்கு உரியவை.