பெயர் பெற்ற பெயரறியாப் பெண்: ஹோல்பைன் கோட்டோவியமும் மேலெழுத்துச் சான்றும்

ஓவியத்தின்மேல் எழுதப்பெற்ற பெயரை ஓவியத்தோடு ஒருங்கே தோன்றியதாகக் கொள்ளும் வழக்கம் வரலாற்றாய்வில் உண்டு. ஆயின் உருவம் ஒரு காலத்தது. பெயர் பிறிதொரு காலத்ததாக இருத்தல் கூடும். இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையிலுள்ள கோட்டோவியம் ஒன்று இதற்குத் தக்க சான்றாகும்.

எட்டாம் ஹென்றியின் அரசவை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த ஏறத்தாழ 80 கோட்டோவியங்கள் அங்குள்ளன. அவற்றுள் ஒன்று, இளஞ்சிவப்புப் பூச்சிட்ட தாளில் வண்ணச் சுண்ணக்கோல்களால் தீட்டப்பெற்ற பெண்ணுருவம். வீட்டில் அணியும் எளிய உடையும் தலையை ஒட்டிய துணித்தொப்பியும் உடைய அவ்வுருவத்தின்மேல் 'அரசி ஆன் பொலின்' என்னும் பொருளில் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

இம்மேலெழுத்து 18ஆம் நூற்றாண்டினது. முந்தைய குறிப்பொன்றின் படி எனக் கருதப்படுகிறது. ஓவியங்களுக்குப் பெயரிட்டவர் இளவரசர் எட்வர்டின் ஆசிரியர் ஜான் சீக் என்று 1590ஆம் ஆண்டின் லம்லி பிரபுவின் உடைமைப் பட்டியல் கூறுகிறது. ஆன் பொலின் 1536இல் கொல்லப்பட்டார். ஹோல்பைன் 1543இல் இறந்தார். சீக் இளவரசரின் ஆசிரியரானது 1544இல். எனவே, அவர் தந்த பெயர்கள் நேர்க்காட்சியின் வழிப்பட்டன அல்ல. பிறர்வாய்க் கேட்டனவாதல் வேண்டும்.

சீக் இட்டனவாகக் கருதப்படும் பெயர்களுள் பல பொருந்துவன, சில பிழையானவை. 'தாய் ஜாக்' எனப் பெயரிடப்பட்ட பெண், எட்வர்டின் செவிலி என நெடுங்காலம் கருதப்பட்டார். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலுள்ள தாமஸ் மோர் குடும்ப வரைவில், உருவங்களுக்குரிய பெயர்களும் வயதும் அக்காலத்திலேயே குறிக்கப்பெற்றுள்ளன. அதனோடு ஒப்பிட்ட ஆய்வாளர், அப்பெண் மோரின் வளர்ப்பு மகள் மார்கரெட் கிக்ஸ் என நிறுவினர். பிழையான பெயர் ஒன்று உரிய பெண்ணையே மறைத்திருந்தது.

'அரசி' ஓவியத்திற்கு இத்தகைய ஒப்பீட்டுச் சான்று இல்லை. தாளின் பின்புறத்தில் வயட் குடும்பச் சின்னத்தின் வரைவு காணப்படுவதையும், எளிய உடையையும் சுட்டி ஒரு சாரார் மறுப்பர். ஆன் பொலினை நேரிற் கண்டோர் பலர் சீக்கின் காலத்தில் அரசவையில் இருந்தமையால் அவர் கூற்று ஏற்கத்தக்கது என்பர் மற்றொரு சாரார். அரசியின் வாழ்நாளிலேயே வெளிவந்த 1534ஆம் ஆண்டுப் பதக்கமோ முகம் சிதைந்து கிடைத்துள்ளது.

ஆதலின் மேலெழுத்தை முடிவான சான்றாகக் கொள்ளாது, ஆய்வுக்குரிய பனுவலாகக் கொள்வதே முறையாகும். அத்தொகுப்பில் 'பெயரறியாப் பெண்' என்றே குறிக்கப்படும் ஓவியங்களும் உள. அக்குறிப்பை ஆய்வின் தோல்வியாகக் கருத வேண்டுவதில்லை. சான்று கிடைக்கும்வரை ஒருத்தியின் இடத்தை மற்றொருத்திக்கு வழங்காமையே அது.