மன்ஹாட்டன் மாடி வீடுகளும் அவற்றின் தரகர்களும்

செல்வமும் குலப்பெருமையும் உள்ள ஒரு நியூயார்க் குடும்பம், முன்பின் அறியாத பல குடும்பங்களோடு ஒரே கூரையின் கீழ், ஒரே வாசல் வழியாகப் போக்குவரத்து வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே பிறர் நடமாடும் ஓசையைச் சகித்துக்கொண்டு வாழச் சம்மதிக்கும் என்று 1860-களில் யாரேனும் சொல்லியிருந்தால் அதை நம்புவார் இருந்திருக்கமாட்டார். 1811-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தின் விளைவாக மன்ஹாட்டன் தீவின் பெரும்பகுதி 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட மனைகளாகப் பிரிந்தது. அப்படி ஒரு மனையில், தெருவிலிருந்து படியேறி நுழையும் தனி வீடு வைத்திருப்பதே கிருகஸ்தனுடைய கௌரவம் என்றாயிற்று. பல குடும்பங்கள் ஒன்றாக வசிக்கும் கட்டடம் என்றால், ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ஏழைகள் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் நெருக்கியடித்துக் கிடந்த டெனமென்டுகள்தாம் அவர்கள் நினைவுக்கு வந்தன. பாரிஸ் நகரத்தில் பிரபுக்களே அவ்வாறு வசிக்கிறார்களே என்று யாரும் எடுத்துச் சொல்லிப் பயனில்லை. பாரிஸின் ஒழுக்கத்தைப் பற்றி நியூயார்க் கனவான்களுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை.

இந்த மனத்தடை கரைந்த கதைதான் மன்ஹாட்டனின் ஆடம்பர மாடி வீடுகளின் கதை. அதைக் கரைத்த புகழில் சிற்பிகளுக்கும் பொறியாளர்களுக்கும் உரிய பங்கு கிடைத்துவிட்டது; தரகர்களுக்கோ கிடைக்கவில்லை. கிடைக்காமற் போனதற்கு நியாயமான காரணமும் உண்டு என்பதே என் கருத்து. ஆயினும் அவர்கள் செய்ததைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

பாரிஸில் கட்டடக் கலை பயின்று திரும்பிய ரிச்சர்ட் மோரிஸ் ஹண்ட், கிழக்குப் பதினெட்டாம் தெருவில் 1870-ஐ ஒட்டிக் கட்டி முடித்த ஸ்டைவசன்ட் கட்டடமே அந்நகரில் நடுத்தர மேல்தட்டினருக்கென எழுந்த முதல் அடுக்குமாடி என்று சொல்வது வழக்கம். அதில் மின்தூக்கி இல்லை. ஆகையால் ஏறும் படிகள் கூடக்கூட வாடகை குறைந்தது. மேல் மாடியே உயர்ந்த மாடி என்று இன்று நாம் எண்ணுவது எலிஷா ஓடிஸின் உபயம். 1857-இல் பிராட்வேயில் ஹாவவுட் என்பவரது பீங்கான் கடையில் அவர் அமைத்த பயணிகள் தூக்கி, காலப்போக்கில் வீடுகளின் தாரதம்மியத்தையே தலைகீழாக்கிவிட்டது.

தையல் இயந்திரங்களைத் தவணை முறையில் விற்கும் வழக்கத்தைப் பரப்பி, சிங்கர் கம்பெனியைச் செழிக்கச் செய்த எட்வர்ட் கிளார்க், சென்ட்ரல் பூங்காவின் மேற்கே, அன்று வெட்டவெளியும் குடிசைகளுமாகக் கிடந்த எழுபத்திரண்டாம் தெரு முனையில், ஹென்றி ஹார்டன்பர்கைக் கொண்டு 1880-இல் டக்கோட்டா மாளிகையைத் தொடங்கினார். அது 1884-இல் நிறைவுற்றபோது அதைப் பார்க்க அவர் உயிரோடில்லை. ஒன்றைப்போல் ஒன்று அமையாத 65 குடியிருப்புகள், குடித்தனக்காரர்களுக்கென்றே பெரிய உணவுக்கூடம், சொந்த மின்சார ஏற்பாடு, வேலைக்காரர்களுக்கு மேல் தளங்கள் என்று எல்லாம் அமைந்திருந்தன. திறப்பதற்கு முன்பே அத்தனையும் வாடகைக்குப் போயின. ஆனால் அங்கே குடியேறியவர்கள் யார் என்பதைக் கவனிக்கவேண்டும். இசைநூல் பதிப்பாளர் குஸ்டாவ் ஷிர்மர் போன்ற, தம் உழைப்பால் உயர்ந்த தொழிலதிபர்களும் வணிகர்களுமே அவர்களிற் பலர். பழைய குடும்பங்கள் ஐந்தாம் அவென்யூவில் தம் தனி மாளிகைகளை விட்டு அசையவில்லை. கல்லும் மரமும் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் அவர்களுடைய தயக்கத்தைப் போக்கவில்லை. அவர்கள் கேட்டது வேறு ஒன்று, பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பது.

அந்தக் கேள்விக்கு விடை கண்டவர் டக்ளஸ் எல்லிமன் என்னும் இளந்தரகர். ஐந்தாம் அவென்யூ 998-ஆம் இலக்கத்தில், மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு எதிரே, மக்கிம், மீட், ஒயிட் ஆகியோரின் நிறுவனம் இத்தாலிய அரண்மனையைப்போல் வடிவமைத்த 12 மாடிக் கட்டடம் 1912-இல் தயாராயிற்று. ஒரு குடியிருப்புக்கு ஆண்டு வாடகை 25,000 டாலர் வரையில் வைத்திருந்தார்கள். அந்நாளில் சாதாரணத் தொழிலாளி ஒருவன் ஆண்டு முழுதும் உழைத்தாலும் ஆயிரம் டாலரை எட்டுவது அரிது என்பதை நினைத்தால் அத்தொகையின் பரிமாணம் விளங்கும். எல்லிமன் செய்தது இது: அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தவரும், அப்போது செனட்டராக விளங்கியவரும், 1912-ஆம் ஆண்டுக்குரிய சமாதான நோபல் பரிசைப் பின்னர் பெற்றவருமான எலிஹூ ரூட்டை அணுகி, 15,000 டாலருக்கே ஒரு குடியிருப்பைத் தருவதாகச் சொல்லி அழைத்துவந்தார். பார்க் அவென்யூவில் சொந்த வீடு வைத்திருந்த அந்த முதியவர் அதை விட்டுவிட்டு மாடிக்குக் குடிவந்தார் என்ற செய்தி பரவியதும், குடியரசின் துணைத் தலைவராக இருந்த லீவை மார்ட்டன் வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் நஷ்டத்துக்கு ஒரு பெயரை வாங்கி, அந்தப் பெயரைக் காட்டி மற்ற வீடுகளைக் கொடுத்த இந்த யுக்தியில் பின்வந்த நூறாண்டுத் தரகின் வித்தை முழுதும் அடங்கியிருக்கிறது.

அதே சமயத்தில் கிழக்கே ஒரு பெருமாற்றம் நடந்துகொண்டிருந்தது. பார்க் அவென்யூ என்று இன்று மரியாதையோடு சொல்லப்படும் வீதி, நீராவி ரயில்கள் புகை கக்கிக்கொண்டு ஓடிய பள்ளத்தின் மேல் இருப்பது. 1902 ஜனவரியில் புகை மண்டிய சுரங்கத்துக்குள் சைகை விளக்கைக் காணாமல் ஒரு ரயில் மற்றொன்றின் மேல் மோதிப் பதினைந்து பேர் மாண்டனர். மறு ஆண்டே நீராவி எஞ்சின்களை விலக்கும் சட்டம் பிறந்தது. மின்சார ரயில் வந்தது. ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்கஸ், தண்டவாளங்களை மூடி அவற்றுக்கு மேலுள்ள ஆகாயத்தையே மனையாக்கிக் குத்தகைக்கு விட்டால் செலவு ஈடாகும் என்று கணக்கிட்டார். 1913-இல் கிராண்ட் சென்ட்ரல் நிலையம் திறந்தபின், புகைக்குழியாக இருந்த வீதி பதினைந்து ஆண்டுகளுக்குள் உலகத்தின் விலையுயர்ந்த குடியிருப்பு வரிசைகளுள் ஒன்றாயிற்று.

அந்த வரிசையின் தலைசிறந்த சிற்பி, சிசிலித் தீவிலிருந்து வந்த சுண்ணாம்புப்பூச்சுத் தொழிலாளியின் மகன் ரொஸாரியோ காண்டெலா. விருந்தினர் வரும் பகுதி, குடும்பம் உறங்கும் பகுதி, வேலைக்காரர் நடமாடும் பகுதி என்று மூன்றையும் ஒன்றின் கண்ணில் ஒன்று படாதவாறு பிரித்து, நடுவே வளைந்தேறும் படிக்கட்டை வைத்து அவர் வரைந்த தளப்படங்கள், தனி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மாடியிலும் தனி வீட்டின் உணர்வைத் தந்தன. ஜாக்குலின் கென்னடியின் தாய்வழிப் பாட்டனாரான ஜேம்ஸ் லீ கட்டிய பார்க் அவென்யூ 740 காண்டெலாவின் படைப்புகளில் பேர்போனது. அது 1930-இல் முடிந்தது. பங்குச் சந்தை அதற்கு முந்தின அக்டோபரிலேயே வீழ்ந்துவிட்டது. வீடுகளை வாங்கச் சம்மதித்திருந்தவர்கள் பலர் பின்வாங்கினர். விற்பதற்கென்று எழுந்த எத்தனையோ மாளிகைகள் கிடைத்த வாடகைக்கு விடப்பட்டன. காண்டெலாவும் வேலையின்றி, இரகசியக் குறியீடுகளை அவிழ்க்கும் சாஸ்திரத்தில் மனத்தைச் செலுத்தி அதைப் பற்றி நூல் எழுதினார்.

இவ்வீடுகளை வாங்குவது என்பதன் பொருளைச் சற்று விளக்கவேண்டும், ஏனென்றால் தரகருடைய அதிகாரம் அதிலிருந்துதான் பிறந்தது. கோ-ஆப் எனப்படும் இக்கூட்டுறவு முறையில், வாங்குகிறவருக்குச் சட்டப்படி வீடு சொந்தமாவதில்லை. கட்டடம் ஒரு கம்பெனியின் சொத்து. அந்தக் கம்பெனியில் வீட்டின் அளவுக்கேற்பப் பங்குகளையும், அந்த வீட்டில் வசிக்கும் நீண்ட குத்தகையையும் அவர் பெறுகிறார். பங்கை யாருக்கு விற்கலாம் என்பதைத் தீர்மானிப்பது குடியிருப்போர் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு. அக்குழு காரணம் கூறாமலே ஒருவரை மறுக்கலாம் என்று 1959-இல் நியூயார்க்கின் உச்ச மேன்முறையீட்டு மன்றம் வைஸ்னர் வழக்கில் உறுதி செய்தது. எலிஹூ ரூட்டின் காலத்தில் கவர்ச்சியாக இருந்த அண்டை வீட்டுப் பெயர், இவ்வாறு தாழ்ப்பாளாகவும் ஆயிற்று.

தாழ்ப்பாள் யாருக்காகப் போடப்பட்டது என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. பூங்காவின் கிழக்கேயிருந்த உயர்ந்த கட்டடங்கள் பலவற்றில் யூதர்களுக்கு இடமில்லை; கறுப்பின மக்கள் அங்கே சமையற்காரராகவும் தூக்கி இயக்குபவராகவும் அன்றி வேறு விதமாக நுழைய முடியாது. எந்தக் கட்டடம் யாரை ஏற்கும் என்ற இந்த அறிவு எங்கும் அச்சாகவில்லை, தரகர்களின் தலைக்குள் இருந்தது. வாடிக்கையாளரை அவமானத்திலிருந்து காப்பதாக எண்ணி, மறுக்கக்கூடிய வாசலுக்கு அவரை அழைத்துப் போகாமல் விட்ட தரகர், அந்த வாசலைச் சாத்தி வைப்பதற்கே கைகொடுத்தார். தனியார் வீடுகளில் இனம், மதம் பற்றிய பாகுபாட்டை நகர சபை 1957-லும், மத்திய அரசாங்கம் 1968-லும் தடைசெய்தன. ஆனால் காரணமே சொல்லாத மறுப்பில் குற்றத்தை எப்படி நிரூபிப்பது? இந்தத் தொழிலின் மீதுள்ள மாசு இது. காலம் மாறிவிட்டது என்று சொல்லி அதைத் துடைத்துவிட முடியாது.

ஆலிஸ் மேசன் என்னும் பெண்மணியின் வாழ்க்கை இவ்விடத்தில் மறக்கத்தக்கதன்று. 1950-களில் தரகில் இறங்கித் தம் பெயரில் ஒரு நிறுவனமும் நிறுவிய அவர், புதுப் பணக்காரர்களையும் யூதர்களையும் அவர்களை விலக்கிய கட்டடங்களுக்குள் ஒவ்வொருவராகக் கொண்டுசேர்த்துப் பெயர் பெற்றார். எந்தக் குழுவில் யார் இருக்கிறார், அவர் யாருடைய சொல்லுக்கு இணங்குவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தம் இல்லத்தில் அவர் அளித்த விருந்துகளில் அரசியல் தலைவர்களும் எழுத்தாளர்களும் வந்து கூடினர். பிலடெல்பியாவின் வசதியான கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். வெளிறிய நிறத்தவராதலால் வெள்ளையராகவே வாழ்ந்தார் என்பது பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. எந்த வாசல்களைப் பிறருக்குத் திறந்துவிட்டாரோ அவற்றுள் தாம் நுழைவதற்குத் தம் பிறப்பை மறைக்க வேண்டியிருந்த அந்த வாழ்வை எண்ணும்போது மனம் கனக்கிறது.

குழுவின் முன் எந்தப் பதவியும் செல்லாது என்பதற்கு, 1979-இல் முன்னாள் குடியரசுத் தலைவர் நிக்ஸனுக்கே கிழக்கு எழுபத்திரண்டாம் தெருவில் ஒரு கட்டடம் கதவைச் சாத்தியது சாட்சி. அவர் தனி வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். இவ்வாறு ஆகாமல் பார்த்துக்கொள்வதே கோ-ஆப் தரகரின் தலையாய வேலை. வாங்குபவருடைய வருமான வரிக் கணக்குகள், வங்கிக் கணக்குகள், பங்குப் பத்திர விவரங்கள், வேலை கொடுத்தவரின் கடிதம், நண்பர்களின் நற்சான்றுகள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகத் தொகுத்து, குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி தயாரிப்பார். சான்றுக் கடிதம் நேர்த்தியாக அமையவில்லை என்றால் திருப்பி எழுதி வாங்குவார். நேர்காணலுக்கு முதல் நாள் உட்காரவைத்துச் சொல்லியும் கொடுப்பார்: நீங்களாக ஒன்றும் கேட்காதீர்கள், கேட்டதற்கு மட்டும் சுருக்கமாக விடை சொல்லுங்கள், சமையலறையை இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் அதை வாய்திறந்து சொல்லாதீர்கள், தம்பதிகள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசவேண்டாம். கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளைப்போல் இதைக் கேட்டுக்கொள்வார்கள்.

குழுவின் இந்த அதிகாரத்துக்கு மாற்று வேறு திசையிலிருந்து வந்தது. போர்க்காலத்திற் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு நீடிக்கவே, வாடகைக் கட்டடங்களின் உரிமையாளர்கள் அவற்றைக் குடித்தனக்காரர்களுக்கே விற்றுவிடத் தொடங்கினர். டக்கோட்டாவும் 1961-இல் கோ-ஆப் ஆயிற்று. அதே காலத்தில் வீட்டை அதன் சுவர்களுக்குள் முழுச் சொத்தாகவே பெறும் காண்டோமினியம் முறையைப் போர்ட்டோ ரிக்கோ 1958-இல் சட்டமாக்க, 1964-இல் நியூயார்க்கும் பின்பற்றியது. மறு ஆண்டே செயின்ட் டிரோபே என்னும் முதல் காண்டோ அங்கே எழுந்தது. இதில் வாங்குபவரை விசாரித்து விலக்கும் அதிகாரம் குழுவுக்குப் பெயரளவில்தான். பணம் இருந்தால் போதும் என்றாயிற்று. வெளிநாட்டாருக்கு இது வசதியாயிற்று. கம்பெனியின் பெயரில் வாங்க விரும்பியவர்களுக்கு அதைவிட வசதியாயிற்று.

தரகரும் மாறினார். தனி மனிதரின் நினைவாற்றலில் நடந்த தொழில், கூட்டாகச் செய்யும் தொழிலாயிற்று. இன்று ஓர் உயரமான காண்டோ திட்டமிடப்படும்போதே கட்டுபவர் ஒரு தரகுக் குழுவை அமர்த்திவிடுகிறார். குளியலறையின் கல் எந்த நாட்டிலிருந்து வரவேண்டும், மூன்று படுக்கையறை வீடுகள் எத்தனை இருக்கலாம் என்பதில்கூட அவர்களுடைய யோசனையே நடக்கிறது. அடித்தளம் தோண்டும்போதே வேறோர் இடத்தில் விற்பனைக் கூடம் திறக்கப்படும். அங்கே ஒரு சமையலறையும் ஒரு குளியலறையும் அச்சாக வீட்டில் அமையப்போகிறபடியே கட்டி வைத்திருப்பார்கள். எழும்பாத மாடியின் உயரத்திலிருந்து எடுத்த படங்கள் சன்னல்களாக ஒளிரும். வரவேற்பவர் ஒருவர், பத்திரங்களைப் பார்ப்பவர் ஒருவர், வாங்குவோர் பக்கத்துத் தரகர்களோடு உறவு பேணுபவர் ஒருவர், எல்லோருக்கும் மேலே பெயர்பெற்ற தலைவர் ஒருவர் என்று வேலை பகிரப்பட்டிருக்கும். தரகுத் தொகையும் இரு பக்கத்துத் தரகர்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்கும் நெடுங்காலம் அவ்வாறே பகிரப்பட்டுவந்தது.

பார்க் அவென்யூவில் 1,396 அடி உயரத்துக்கு எழுந்த 432-ஆம் இலக்கக் கோபுரம் 2015-இல் முடிந்தது. சென்ட்ரல் பூங்காவின் தெற்கு ஓரத்தில் ஒரே ஒரு குடியிருப்பு 2019-இல் 23 கோடியே 80 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. இத்தகைய கோபுரங்களில் வாங்கியவர்கள் பலரின் பெயர் பத்திரங்களில் காணப்படுவதில்லை. ஏதேனுமொரு கம்பெனியின் பெயரே காணப்படுகிறது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடுகளும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க நிதித் துறை, மன்ஹாட்டனில் 30 லட்சம் டாலருக்கு மேல் கடனின்றி ரொக்கமாக வாங்கும் கம்பெனிகளுக்குப் பின்னால் உள்ள மனிதர் யார் என்பதைக் கண்டறிந்து தெரிவிக்கும்படி, சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. வாங்குபவரின் வழக்கறிஞரோடு மட்டுமே பேசி, அவர் முகத்தைக் காணாமலே விற்பனையை முடிக்கும் தரகர்கள் அவ்வாணை வந்த காலத்தில் அங்கே இருக்கத்தான் இருந்தார்கள். விற்ற வீட்டுக்கு அண்டை வீட்டார் யார் என்று கேட்டால் அவர்களாலும் சொல்ல இயன்றிராது.