அண்ணாமலையும் ஒரு வளையமும்

கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை ஆறு மணிக்கு, அர்த்தநாரீசுவரர் வெளியே எழுந்தருளும் அந்தக் கணத்தில், 2668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும்போது, மாட வீதிகளில் திரண்டு நிற்கும் ஜனங்கள் 'அரோகரா' என்று கோஷமிட்டுக் கைகூப்புவது பண்டைய வழக்கம். அதே கணத்தில் ஆயிரக்கணக்கான கைகள் கேமராவோடு உயர்வது நம் காலத்து வழக்கம். அவ்விதம் உயரும் கைகள் சிலவற்றில், நேற்று வாங்கிய மிரர்லெஸ் கேமராவின் முன்னே, தகப்பனார் காலத்து லென்ஸ் ஒன்று பொருந்தியிருப்பதையும், இரண்டுக்கும் நடுவே அடாப்டர் எனப்படும் கருநிற வளையம் ஒன்று இருப்பதையும் உற்றுப் பார்ப்பவர்கள் காணலாம். அற்பமாகத் தோன்றும் அந்த வளையத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தின் ஓர் ஏடு திருவண்ணாமலையையும் தொட்டுச் செல்கிறது.

புகைப்படக் கலை தென்னாட்டுக்கு வந்த புதிதில் இந்த வளையத்துக்குத் தேவையே இருக்கவில்லை. 1857-58ஆம் ஆண்டுகளில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் முதலிய க்ஷேத்திரங்களைப் படமெடுத்த காலத்தில், கேமரா என்பது தச்சன் செய்த மரப்பெட்டியேயாகும். அந்த மரபில் வந்த பெரிய கேமராக்களில் லென்ஸ் ஒரு பலகையில் திருகப்பட்டிருக்கும். பலகைக்கும் பின்புறத்துக் கண்ணாடிக்கும் இடையே கொல்லன் உலையில் இருப்பதைப் போன்ற துருத்தி ஒன்று நீளவும் சுருங்கவும் செய்யும். வேறு லென்ஸ் வேண்டுமென்றால் வேறு பலகையில் துளையிட்டால் போதும். தூரத்தைத் துருத்தி பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சுதந்திரத்துக்கு முடிவு கட்டியது சிறுமை என்னும் வசதி. ஆஸ்கர் பர்னாக் என்னும் ஜெர்மானியர் வடிவமைத்து, 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா, சட்டைப் பையில் அடங்கும் கேமரா. அதில் துருத்திக்கு இடமேது? 1930இல் லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதி அதற்கு வந்தபோதுங்கூட, ஒவ்வொரு லென்ஸையும் ஒவ்வொரு கேமராவுக்கென்று தனித்தனியே இழைத்துப் பொருத்த வேண்டியிருந்தது. ஒன்றுக்குச் செய்தது மற்றொன்றுக்குச் சேராது. மறு ஆண்டில், லென்ஸின் அடித்தளத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே 28.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஒரே பிரமாணம் வகுத்து, அந்தப் பிரமாணத்துக்கு உட்பட்ட கேமராக்களின் முகப்பில் '0' என்ற அடையாளத்தையும் பொறித்தார்கள். 39 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த மரையில் எந்த லைக்கா லென்ஸும் எந்த லைக்கா கேமராவிலும் பொருந்தலாயிற்று. அளவு நிச்சயமானதோடு, பிற்கால அடாப்டர்களுக்கு வித்தும் ஊன்றப்பட்டது.

இனி அருணை எனப்படும் திருவண்ணாமலைக்கு வருவோம். அங்கே வாழ்ந்த ரமண மகரிஷியின் வாழ்க்கையில் கேமராவுக்கு இருந்த இடம் வியப்புக்குரியது. கௌபீனம் ஒன்றையன்றி உடைமை கொள்ளாத அவர், தம்மைப் படமெடுக்க வந்தவர்களைத் தடுக்கவில்லை. சென்னை வைத்தியரான டாக்டர் டி. என். கிருஷ்ணசாமி ஆசிரமத்துக்கு வரும்போதெல்லாம் கேமராவோடு வந்து எடுத்த படங்கள் மிகப் பல. பெங்களூரைச் சேர்ந்த ஜி. ஜி. வெல்லிங் 1946இல் எடுத்த முகத்தோற்றம், இன்றைக்கும் எண்ணற்ற இல்லங்களில் பூஜையறைப் படமாக விளங்குகிறது. 1950 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 8.47 மணிக்கு மகரிஷி சித்தியடைந்த வேளையில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலையை நோக்கிச் சென்றதைத் தாம் கண்டதாகவும், உடனே கடிகாரத்தைப் பார்த்ததாகவும் அவரே சொன்னது பலரும் அறிந்த செய்தி. அவ்வொளியை அவர் படமெடுக்கவில்லை. ஆனால் ஆசிரமத்தில் துயருற்று நின்ற அடியவர்களை அவருடைய லைக்கா படமெடுத்தது. லைக்காவின் மரை மாறிப் பூட்டுமுறை வந்தது 1954இல் தான். ஆகையால் அந்நாளில் இவ்வூருக்கு வந்த அவருடைய லைக்காவும், நாம் மேலே கண்ட 28.8 மில்லிமீட்டர்ப் பிரமாணத்துக்கு உட்பட்டதே.

அதற்குப் பின் வந்தது கண்ணாடி யுகம். லென்ஸ் காணும் காட்சியையே புகைப்படக்காரரும் காண வேண்டி உள்ளே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தார்கள். அது எழுந்து தாழ இடம் வேண்டியிருந்ததால் லென்ஸின் அடித்தளத்துக்கும் படச்சுருளுக்கும் இடையிலான தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. 1949இல் தோன்றிய 42 மில்லிமீட்டர் மரையிலும், 1975இல் வந்த பென்டாக்ஸ் கே பூட்டிலும் 45.46, 1959இல் வந்த நிக்கான் எஃப் பூட்டில் 46.5, 1987இல் வந்த கேனன் இஎஃப் பூட்டில் 44 மில்லிமீட்டர். கல்யாணப் படங்களை எடுத்துத் தமிழகத்துச் சிற்றூர்களின் ஸ்டூடியோக்கள் ஜீவித்த காலம் அது. டிஜிட்டல் வந்தபோது அக்கேமராக்கள் பீரோவுக்குள் போயின. ஆனால் கண்ணாடி வில்லைக்கு வயது ஏறுவதில்லை. பூஞ்சை படியாமல் காத்தால் அறுபது வருஷத்து லென்ஸும் இன்று பிரகாசமாகப் படமெடுக்கும்.

2008இல் மிரர்லெஸ் கேமராக்கள் வரத்தொடங்கி, கண்ணாடியை அகற்றிவிட்டபடியால், தூரம் மீண்டும் சுருங்கிற்று. சோனி இ பூட்டில் 18, நிக்கான் இசட் பூட்டில் 16 மில்லிமீட்டர். மிச்சமான வெற்றிடத்தை ஒரு வளையத்தால் நிரப்பினால் பழைய லென்ஸ் புதிய கேமராவில் உயிர் பெறுகிறது. கழித்தல் கணக்கே இதன் சாஸ்திரம்: 28.8இல் 18 போக 10.8, 46.5இல் 16 போக 30.5. அடாப்டர் விற்பவர்கள் வேறு என்ன மகிமை சொன்னாலும், வாங்குபவர் பெறுவது இந்த மிச்சத்தைத்தான்.

உள்ளே வில்லை இல்லாத வளையம் படத்தைக் கெடுக்காது. ஆகவே மலிவு என்பதே குற்றமன்று, அளவு பிசகுவதே குற்றம். வளையம் தலைமயிர் ஒன்றின் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர், நீண்டுவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 25 மீட்டருக்கு அப்பால் கூர்மையாகக் காணும் சக்தியை இழந்துவிடும். லென்ஸின் ஒளித்துளையை முழுக்கத் திறந்து வைத்து எடுக்கும்போது, வீதியில் அருகே நிற்பவரின் விபூதிப் பட்டை தெளியும். மலையுச்சித் தீபமோ மங்கிய மஞ்சள் திட்டாகவே நிற்கும். இந்த ஆபத்துக்கு அஞ்சியே பல உற்பத்தியாளர்கள் வளையத்தைச் சற்றுக் குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது லென்ஸின் தூர எண்கள் சரியாக இரா, தீபமோ தெளிவாக விழும்.

ஆகவே கையிருப்புச் சிறிதாயினும் நல்ல அடாப்டர் வாங்க விரும்பும் அன்பர், கடைக்குக் கேமராவையும் லென்ஸையும் எடுத்துச் செல்வதே உத்தமம். பூட்டியபின் ஆட்டம் இருக்கலாகாது. உட்புறம் பளபளவென்று மின்னாமல் மந்தமான கறுப்பாக இருக்க வேண்டும். கேனன் இஎஃப் போல் ஒளித்துளையை மாற்றும் வளையம் தன்னிடம் இல்லாத லென்ஸுக்கு மின்தொடர்பு இல்லாத வெற்று வளையம் உதவாது. லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பைக் கேமராவில் திறந்துவிட மறக்க வேண்டாம். பின்னர் மாலையில் மலை முழுவதும் தெரியும் இடத்தில் நின்று, திரையைப் பெரிதாக்கி, லென்ஸை அதன் எல்லை வரை மெல்லத் திருப்பிக்கொண்டே உச்சியை நோக்குங்கள். உச்சிப்பாறையின் விளிம்பு எங்கேனும் ஓரிடத்தில் தெளிந்தால் அந்த வளையத்தை வாங்கலாம். தெளியாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.